ஓடைக்கு இந்தப் பக்கம் நின்ற டிராக்டர்

திருவனந்தபுரம் வலியசாலையில் பிறந்து கரமனையில் கண்மூடிய என் அண்ணனுக்கு இது முதல் ஆண்டுத் திதி. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் வணக்கம். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுதித் தருகிறோம் என்று ஒன்றிரண்டு பேர் வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் அண்ணனைப் பற்றி எழுத எனக்கு அடுத்தவர் கை எதற்கு?

எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து கோயில் வேலைக்கு வந்தவர். அவர் இறந்துபோனபோது அண்ணனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. படிப்பை விட்டுவிட்டு ஒரு பம்புசெட்டுக் கடையில் சேர்ந்தார். கிரீஸ் பட்ட சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் அம்மா அழுவாள். அண்ணன் சிரிப்பார். எனக்குக் கல்யாணம் செய்துவைத்தது அவர்தான். நான் தாலியறுத்துத் திரும்பி வந்தபோது என் பெட்டியை உள்ளே தூக்கி வைத்ததும் அவர்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதினியும் கேட்கவில்லை. அந்தப் புண்ணியவதியையும் இங்கே நினைக்க வேண்டும்.

பிறகு கரமனையில் டிராக்டர் ஏஜென்சி எடுத்தார். மத்தியானச் சாப்பாடு நான்தான் கொண்டுபோவேன். அதனால் இனி எழுதுவது நான் கண்ணால் பார்த்தது.

முன்பெல்லாம் டிராக்டர் வாங்க வருகிறவர் பெயின்டைப் பார்ப்பார், டயரைத் தட்டிப் பார்ப்பார், அப்புறம் அண்ணன் முகத்தைப் பார்ப்பார். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு அப்படியில்லை. சகலமும் பார்த்துத் தெரிந்துகொண்டுதான் வருவார்கள். மற்றக் கடைக்காரர்களுக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. அண்ணனுக்கு அவர்களைத்தான் பிடிக்கும்.

"தெரியாதவனுக்கு வித்தா நாளைக்கு வந்து அழுவான். தெரிஞ்சவன் இன்னைக்கே சண்டை போட்டுட்டுப் போயிருவான். எது நல்லது, நீயே சொல்லு" என்பார்.

அப்படி வந்தவர்தான் மலையடிவாரத்து வித்துராவில் வாழையும் கொஞ்சம் வயலும் வைத்திருந்த வேலப்பன். நான் தூக்குப்பாத்திரத்தோடு நுழைகிறேன், அவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

"சாரே, எனக்கு ஒண்ணும் விளக்கண்டாம். எல்லாம் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன், கேட்டேளா."

"அப்போ நீரே விளக்கும் ஓய். நான் கேட்டுக்கிடுதேன்."

"பின்னால இவ்வளவு எடை தூக்கும்னு அச்சடிச்சிருக்கது பொய்யாக்கும்."

"பொய்யில்ல. வண்டி புதுசா இருக்கும்போது எடுத்த கணக்கு. நம்ம கல்யாணப் போட்டோ மாதிரி."

அவர் எச்.பி. என்பார், இவர் ஹைட்ராலிக் என்பார். சோறு ஆறிப்போனது. கடைசியில் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பெரிய வண்டியைத் தீர்மானித்தார்கள். பரீட்சை நன்றாக எழுதிய பிள்ளைகளைப் போல இரண்டு முகமும் மலர்ந்திருந்தது.

லாரியில் ஏற்றி வண்டி வித்துரா போய்ச் சேர்ந்தது. போய், ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றது. வேலப்பனின் வயலுக்குப் போக ஓடையின் மேல் ஒரு சின்னப் பாலம்தான் வழி. டிராக்டரின் சக்கரங்கள் அதில் அடங்கவில்லை. தினமும் அதன் மேல் நடந்துபோகிறவருக்கு அது தோன்றவில்லை. வழி எப்படி என்று அண்ணனும் கேட்கவில்லை. வண்டியைப் பற்றி அவ்வளவு தெரிந்த இரண்டு பேரும் பாலத்தை மறந்தார்கள்.

"நெலத்த வந்து பாத்தீரா ஓய்?" என்று போனில் வேலப்பன் கத்தியது அடுக்களையில் இருந்த எனக்கே கேட்டது.

"பாலம் இருக்குன்னு நீர் வாயத் தெறந்தீரா?" என்று அண்ணனும் கத்தினார்.

பெரிய வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு அண்ணன் சின்ன வண்டி கொடுத்தார். அது பாலம் கடந்தது. சண்டை மட்டும் தீரவில்லை. அதன் பிறகு யார் டிராக்டர் கேட்டு வந்தாலும் அண்ணன் முதலில் போய் வழியை நடந்து பார்ப்பார். "வண்டியை யாரு ஓட்டப் போறா? அந்த ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்பார். ரொம்ப விவரம் தெரிந்தவராக வந்தால் இன்னொன்றும் சொல்வார்: "எங்கிட்ட வாங்கி நொந்த ஆளு ஒருத்தர் வித்துராவுல உண்டு. அவரைக் கேட்டுட்டு வாங்க."

வேலப்பனும் குறை வைக்கமாட்டார். கேட்டு வருகிறவர்களிடம், மெக்கானிக் தாமதம், கிளட்ச் சரியில்லை என்று அண்ணனைக் கிழி கிழி என்று கிழிப்பார். கேட்டவர்கள் திரும்பி வந்து வண்டி வாங்குவார்கள். நொந்தவரே இவ்வளவுதான் சொல்கிறார் என்றால் வேறு மோசமில்லை என்று அவர்களுக்குத் தோன்றும்போல. ஞாயிற்றுக்கிழமையானால் வேலப்பனின் போன் வரும். யாரை அனுப்பினீர், என்ன சொன்னீர் என்று தொடங்கிப் பாலத்தில் வந்து நிற்கும்.

மதினி போனாள். அவர்கள் மகன் வெளிநாடு போனான். கடையும் கை மாறியது. அந்த ஞாயிற்றுக்கிழமைச் சண்டை ஒன்றுதான் அண்ணனுக்கு மிச்சம். பிறகு வேலப்பனும் மகனைப் பார்க்க வளைகுடா போனார். போன் நின்றது. ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே அண்ணன், "வேலப்பன் போன்ல விளிச்சானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் போன பிறகு வந்தவர்கள் எல்லாரும் "நல்ல மனுஷன்" என்றார்கள். உண்மைதான். ஆனால் அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. காப்பி குடித்துவிட்டு எழுந்து போகிறார்கள். இந்த வீட்டில் அண்ணனைப் பற்றி மேற்கொண்டு பேச எனக்கு ஆள் இல்லாமல் போனது. டிவியை வைத்தால் அது அதன் பாட்டுக்குப் பேசுகிறது.

சில மாதம் கழித்து வாசலில் ஒரு சத்தம். "ஓய், போனை எடுத்தா என்ன ஓய்!" வேலப்பன் வாழைக்குலையோடு கேட்டுக்கு வெளியே நிற்கிறார். அவருக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன். குலையை அங்கேயே கீழே வைத்தார். உள்ளே வந்து அண்ணன் படத்துக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நல்லவர்னு சொல்ல நான் வரல அக்கா. பெரிய பிடிவாதக்காரனாக்கும் உங்க அண்ணன். கிளட்ச் விஷயத்துல கடைசி வரைக்கும் ஒத்துக்கிடல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் போன பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

"வண்டி பழசாச்சு. மாத்தி வேற எடுக்கலாம்னு பாக்கேன். அவரு இருந்தா என்ன சொல்லுவாரு?" என்று கேட்டார்.

"யாரு ஓட்டப் போறா தம்பி?" என்றேன். அதைத்தானே அண்ணன் கேட்டிருப்பார்.

 வேலப்பன் நான் கொடுத்த காப்பியை முழுவதும் குடித்தார். "யாரும் இல்ல அக்கா. எம் பய இனி ஊருக்கு வரமாட்டேன்னுட்டான். எனக்கும் முட்டி மடங்கல."

"பின்ன எதுக்குத் தம்பி டிராக்டர்?"

"அது இல்லேன்னா நான் யாருகிட்டப் போய்ச் சண்டை பிடிக்கது?"

 இரண்டு பேரும் படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். வாழைக்குலை இன்னும் கேட்டருகே கிடப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணனைக் கவனித்த டாக்டருக்கும் நர்சுப் பெண்களுக்கும், முதலில் ஓடிவந்த எங்கள் தெருக்காரர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணனை நல்லவர் என்று சொன்ன அனைவருக்கும் என் நன்றி. அவரிடம் டிராக்டர் வாங்கிச் சண்டை போட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒருமுறை கரமனைக்கு வாருங்கள். குறையெல்லாம் சொல்லுங்கள், நான் உட்கார்ந்து கேட்கிறேன். எனக்குக் காது கொஞ்சம் மந்தம். கதவு திறக்கவில்லை என்று போய்விடாமல், இன்னொரு தடவை பெல்லை அழுத்துங்கள்.