மூச்சு விட இடமில்லாத வரி

எங்கள் தெரு பஜனைக் கோஷ்டி அந்த வருடம் ஒரு போட்டி வைத்தது. மார்கழிக்குப் புதுப் பாட்டு வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதி, மெட்டுப் போட்டு, சுரத்தோடு தரலாம். தாளில் பெயர் மட்டும் இருக்கக் கூடாது. ஜெயிக்கிற பாட்டை மார்கழி முப்பது நாளும் விடியற்காலையில் கோஷ்டி தெருத் தெருவாகப் பாடிக்கொண்டு போகும். ஐம்பதுகளின் கடைசி அது. கல்யாணமாகித் தென்காசிக்கு வந்து எனக்கு மூன்று வருடம். கோஷ்டியில் ஆர்மோனியம் வாசிப்பவர் என் வீட்டுக்காரர்.

யார் வேண்டுமானாலும் என்றால் ஆண்களில் யார் வேண்டுமானாலும் என்று அர்த்தம். பெண்களுக்கு வாசலோடு சரி. கோலம் போட்டுவிட்டு நிற்க வேண்டும், கோஷ்டி வந்தால் சூடம் காட்டிச் சுண்டல் கொடுக்க வேண்டும். நானும் கல்யாணத்துக்கு முன்பு முறையாகப் பாட்டுப் படித்தவள்தான். "நானும் ஒண்ணு எழுதட்டுமா?" என்று இவரிடம் கேட்டேன். இவர் சிரித்தார்.

"ஏட்டி, இருவது ஆம்பிளைங்க நடந்துக்கிட்டே பாடுத பாட்டு. தொட்டில் பாட்டுன்னு நெனைச்சியா?"

எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். அன்றைக்கு அது உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. எழுதியே தீருவது, முப்பது நாளும் இந்த ஆண்களின் வாயால் அதைப் பாட வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

ஐப்பசி மழையில் குற்றாலத்தில் நல்ல தண்ணீர். தெருப் பெண்கள் எட்டுப் பேர் வண்டி கட்டிக்கொண்டு ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். தண்ணீருக்குள் தலையைக் கொடுத்தால் மூச்சு முட்டும், வெளியே எடுத்தால்தான் வாயைத் திறக்கலாம். அந்த இரைச்சலில் மனசில் இருந்த மெட்டை நான் கத்திப் பாடினேன். நான் உள்ளே போனதும் எதிர் வீட்டு மதினி அதைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளே போனதும் இன்னொருத்தி. யாராவது ஒருத்தி தலை வெளியே இருந்ததால் வரி அறுபடவே இல்லை.

'மலைமேலே மேகமாகி, மேகமெல்லாம் சாரலாகி, சாரலெல்லாம் அருவியாகி, அருவியெல்லாம் ஆறாகி, ஆறெல்லாம் உன்னடிக்கே ஓடிவரும் விசுவநாதா!'

அடேயப்பா, அன்றைக்கு எங்களுக்கு இருந்த சந்தோஷம்! ஈரத்துணியோடு வண்டியில் மாய்ந்து மாய்ந்து பாடிக்கொண்டே வந்தோம். என் கையெழுத்து இவருக்குத் தெரியும் என்பதால் மதினிதான் தாளில் எழுதினாள். மற்ற பெண்கள் வாயைத் திறக்க மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள்.

இவர் எழுதியதையும் சேர்த்து, வந்த பாட்டுகளுக்கு நம்பர் போட்டு எங்கள் வீட்டுப் பட்டாசாலையில், அதாவது முன்கூடத்தில், ஒத்திகை நடந்தது. என்னுடையது ஒன்பதாம் நம்பர். அடுப்படியில் இருந்து கேட்கும்போது நானும் உதட்டுக்குள் சேர்ந்து பாடுவேன். ஒருநாள் சாப்பிடும்போது இவர், "ஒம்பதாம் நம்பரு எவன் போட்டானோ, மெட்டு அம்சமா இருக்குட்டி" என்றார். நான் ஊற்றிய ரசம் பாதி சோற்றில், பாதி இவர் மடியில்.

கார்த்திகைக் கடைசி ஞாயிறு காலையில் போட்டி. கோஷ்டித் தலைவர் ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி. அவர் சட்டத்தை உரக்கச் சொன்னார்: "நடந்துக்கிட்டே கோஷ்டி முழுசாப் பாடணும். நடுவுல விட்டா அந்தப் பாட்டு தள்ளுபடி."

ஒன்பதாம் பாட்டைத் தொடங்கியபோது கோஷ்டி எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. நாங்கள் அவரவர் வாசலில் நின்றிருந்தோம். பல்லவி ஜம்மென்று வந்தது. பிறகு அந்த நீள வரி. சாரலுக்குள் பாதிப் பேருக்கு மூச்சு போய்விட்டது. அருவியில் இவரும் நின்றுவிட்டார். உட்கார்ந்து பாடும்போது தாங்கிய மூச்சு நடையில் தாங்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டுப் பேர் பங்கு போட்டுப் பாடியதை ஒரே வரியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கே ஒருவர் விட்டு இன்னொருவர் எடுக்க வேண்டும் என்று ஒரு கோடுகூடப் போடவில்லை. மடச்சி, மடச்சி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அதற்குள் எதிர் வாசலில் இருந்து மதினி குரல் எழுந்தது. 'அருவியெல்லாம் ஆறாகி!' அடுத்த வாசலில் இன்னொருத்தி எடுத்தாள். நானும் எடுத்தேன். 'விசுவநாதா'வுக்கு ஆண்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். தெருவே கை தட்டியது.

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா கோஷ்டி நடுவுல விட்டுட்டுல்லா. தள்ளுபடி."

ஜெயித்தது இவர் பாட்டு. போர்த்திய சரிகைத் துண்டோடு வீட்டுக்கு வந்தவர் என்னை உற்றுப் பார்த்தார். "அது உன் பாட்டா?"

"ஆமா. தொட்டில் பாட்டு" என்றேன். அதற்குப் பிறகு மார்கழி பிறக்கும் வரை இவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மார்கழி முதல் நாள் விடியலில் தலையைக் குனிந்துகொண்டு கோலம் போட்டேன். நிமிரவே கூடாது என்று வைராக்கியம். கோஷ்டி இவர் பாட்டைப் பாடிக்கொண்டு வந்தது. பொய் சொல்லக் கூடாது, அதுவும் நல்ல பாட்டுதான். எங்கள் வாசலில் ஆர்மோனியம் நின்றது.

"ஏன்வே நிறுத்திட்டீரு?" என்றார் அண்ணாச்சி.

"இங்கன ஒம்பதாம் நம்பரு, அண்ணாச்சி."

"அதைத்தான் தள்ளியாச்சே!"

"நமக்குப் பாட முடியலன்னுதான தள்ளுனோம்? பாடத் தெரிஞ்சவங்க இங்கன நிக்காங்க" என்று சொல்லிவிட்டு, யாரையும் கேட்காமல் ஒன்பதாம் பாட்டின் பல்லவியைத் தொடங்கிவிட்டார். வேறு வழியில்லாமல் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நீள வரியில் 'சாரலாகி' வரை வந்தது. இவர் ஆர்மோனியக் கட்டையில் இருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். இருபது ஆண்களும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

பேசாமல் அடக்கி வைத்திருந்த கோபம் இன்னும் தீரவில்லை. நானா பாடுவேன் என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம் எழுந்து பாடினேன். மதினி எடுத்தாள். வாசல் வாசலாக வரி போயிற்று. கோஷ்டி நகர்ந்தது, பாட்டும் அதனோடு நகர்ந்தது.

அன்றைக்குக் கோலம் பாதியிலேயே நின்றுவிட்டது. கோஷ்டிக்குப் பின்னால் நாங்கள் எட்டுப் பேரும் மாவுக் கையோடு நடந்து பாடிக்கொண்டு போனோம். எங்களுக்கு மூச்சு தாராளமாக இருந்தது.