என்னை மட்டும் கூப்பிடவில்லை

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் வருகைப் பதிவு போனுக்கு மாறிய அன்று காலையில், மஸ்டர் ஆபீஸ் மேசையில் பெண்களுடைய போன்களையெல்லாம் வாங்கி அடுக்கினார்கள். ஏலப்பாறையிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர் ஒவ்வொன்றாக எடுத்தார், எதையோ அமுக்கினார், எதையோ இறக்கினார், திருப்பிக் கொடுத்தார். என்ன போட்டீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம். அதோடு, வேலைக்கு மலையேறியும் பேர் விழவில்லையே என்று மாதக் கடைசியில் கணக்கரோடு மல்லுக்கட்ட வேண்டாமே என்ற சந்தோஷம் வேறு. கும்பிடாத குறையாக வாங்கி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார்கள்.

என் போன் மட்டும் அந்த மேசையில் ஏறவில்லை. என்னிடம் இருந்தது பட்டன் போன். மகள் ஆசையாக வாங்கித் தந்த பெரிய போனை மழைத்தண்ணீர் டிரம்முக்குள் போட்ட புண்ணியவதி நான். கம்ப்யூட்டர்காரர் என் போனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல டார்ச்ச தவிர ஒண்ணும் ஏறாதுக்கா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பெயரை மட்டும் பழையபடி கையால் எழுதிக்கொள்வதாகச் சொன்னார்கள்.

அப்போது கம்பத்தில் கட்டிக்கொடுத்திருந்த என் மகளுக்கு ஆறாம் மாதம். தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு அவளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும், எனக்கு அதுதான் ராத்திரி பகல் நினைப்பு. பிரசவத்துக்குப் பெண்ணை எஸ்டேட்டுக்குக் கூட்டி வருவதென்றால் பெற்றவள் ஒருத்தி போதாது. ஆண்கள் ஃபேக்டரிக்குப் போய்விடுவார்கள். வெந்நீர் வைக்க, ஜீப்புக்கு ஓட, ஆஸ்பத்திரியில் மாறி மாறி உட்கார, வரிசை வீடுகளான லயத்தில் கூடக் குடியிருக்கும் பெண்கள்தான் வேண்டும். எங்கள் லயத்தில் அதற்குப் பஞ்சம் இருந்ததில்லை.

பஞ்சம் கூரைக்குத்தான். பிள்ளையைப் போட நான் நினைத்திருந்த மூலையில் மழை நேராக இறங்கியது. மற்ற வீடுகளிலும் அதே கதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மேல் லயத்தில் என் நிரைக்காரி வீட்டில் ஒன்பது பேர் கூடினோம். நிரை என்பது கொழுந்து எடுக்கும் செடி வரிசை. பதினைந்து வருஷமாக அவள் ஒரு நிரை, நான் அடுத்த நிரை. என் வீட்டில் என்ன குழம்பு என்பது என் வீட்டுக்காரருக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். கூரை ஷீட் மாற்றித் தராவிட்டால் அடுத்த வாரம் ஒருத்தரும் மலையேறுவதில்லை என்று அன்று முடிவு செய்தோம். புருஷன்மாரிடம்கூடச் சொல்லக் கூடாது என்று பேச்சு. அதிகம் பேசியது நான்தான். என் வாய் அப்படி.

மறுநாளே ஃபீல்டு ஆபீசர் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. மலையாளமும் தமிழும் கலந்து, பக்கத்து வீட்டுத் தம்பி மாதிரி மெல்லப் பேசுவார். "ஞாயிறாழ்ச்ச உச்சைக்கு மேல் லயத்தில் எந்தா விசேஷம் சேச்சி?" ஞாயிறு மத்தியானம் அங்கே என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டு, யார் யார் இருந்தார்கள் என்று அவரே பெயர் சொன்னாராம். அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து நடுவில் வீட்டுக்கு ஓடித் திரும்பியவளிடம், நடுவில் ஏன் போய் வந்தாய் என்றும் கேட்டாராம். போகும்போது, வேறு டிவிஷனில் ஆள் தேவைப்படுகிறது, யாரை மாற்றுவது என்றுதான் யோசிக்கிறேன் என்றாராம். அதோடு கூரைப் பேச்சு செத்தது.

அவர் சொன்ன பெயர்கள் எட்டு. ஒன்பதாவது என் பெயர். அதைச் சொல்லவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை.

எனக்கு முதலில் ரோஷம்தான் வந்தது. இத்தனை பேசியவளை ஒரு பொருட்டாக மதிக்கவில்லையே என்று! தலையைச் சீவி முடிந்துகொண்டு காத்திருந்தேன் என்றால் இப்போது சிரிப்பு வருகிறது. அந்த வாரக் கடைசியில் பார்த்தால், எனக்கு அடுத்த நிரை காலியாக இருந்தது. என் நிரைக்காரி நாலு நிரை தள்ளிப் போய் நின்றிருந்தாள். குழாயடியில் நான் போனதும் பேச்சு நின்றது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் எனக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்க இடம் விட்டார்கள். கருங்காலி என்ற சொல்லை யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் காதில் விழும்படி சொன்னார்கள்.

அவள் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "மதினி, நானா போய்ச் சொல்லியிருப்பேன்?"

"நெருப்பில்லாம பொகையுமா? எங்க எட்டுப் பேரையும் கூப்புட்டாக. ஒங்கள மட்டும் ஏன் கூப்புடல? மொதல்ல அதச் சொல்லுங்க" என்றாள்.

பதினைந்து வருஷமாக நீ, வா, போ என்றவள் என்னை நீங்க என்றாள். எனக்கு மட்டும் பதில் தெரிந்திருந்ததா என்ன? இவர்களில் ஒருத்திதான் சொல்லியிருக்க வேண்டும், பழியை என் மேல் போடத்தான் என் பெயரை விட்டிருக்கிறாள் என்று நானும் ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்தேன். நிரைக்காரி முகத்தையும் பார்த்தேன். மலையில் யாராவது தும்மினால்கூட என்னைப் பற்றித்தான் என்று தோன்றிய நாட்கள் அவை.

வளைகாப்புக்கு லயத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போக இரண்டு ஜீப் சொல்லி வைத்திருந்தேன். வீடு வீடாகப் போய்க் குங்குமம் கொடுத்துக் கூப்பிட்டேன். எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்குக் காலையில் ஒருத்தியும் வரவில்லை. முதல் ஜீப்பில் நானும் என் வீட்டுக்காரரும் ஏறினோம். இரண்டாவது ஜீப்பில் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் சீட்டில் உட்கார்ந்து வந்தன. குமுளி இறக்கம் முழுக்க என் வீட்டுக்காரர் பின்னால் வந்த ஜீப்பையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். பாவம், அவரோடு ஃபேக்டரியிலும் யாரும் பேசவில்லை.

கம்பத்தில் சம்பந்தியம்மா வாசலுக்கு வந்து ஜீப்பை எட்டிப் பார்த்தார். "என்ன சம்பந்தி, ரெண்டு ஜீப்பு ஆளுன்னு சொன்னீக?" நான் ஏதோ காய்ச்சல், மழை என்று உளறினேன். வளையலை அவர்கள் தெருப் பெண்களே போட்டு முடித்தார்கள். என் மகள் இரண்டு கையும் நிறைய வளையலோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். புறப்படும் நேரத்தில் சம்பந்தியம்மா என்னைத் தனியாக அழைத்தார். அவர் நல்ல மனுஷி, குத்திப் பேசத் தெரியாதவர்.

"கோவிச்சுக்கிறாதீக. லயத்துல ஒங்களோட ஒருத்தரும் பேசுறதில்லன்னு கேள்விப்பட்டோம். அவசரத்துக்குக் கூப்புட்டா ஓடி வர ஆளில்லாத எடத்துக்குப் பிள்ளைய எப்படி அனுப்புறது? பிரசவம் இங்கனயே இருக்கட்டும்."

தலைப்பிரசவத்துக்கு மகளைத் தர மாட்டேன் என்று முடித்துவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அடுப்படியில் மகளிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். அவள் அழவில்லை. "அந்த எட்டுப் பேரு போன்லயும் ஆபீஸ்காரங்க ஏத்திவிட்டது இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. பேர் போட."

"ஒங்கிட்ட?"

"எங்கிட்ட ஏது?"

மருமகன் பைக்கில் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற வேலை பார்க்கிறார். "ஒங்க மருமகன் டீக்கடையில நின்னாக்கூட, ஏன் அங்கன நிக்கன்னு கம்பெனிக்காரன் கேக்கான்மா. அவரு போனே காட்டிக்கொடுத்திருது. எட்டுப் போனு ஒரு வீட்டுல இருந்தா ஒங்க ஆபீசுக்குத் தெரியாதா? ஒன்பதாவது போனு இல்ல. அதான் ஒம்பேரும் இல்ல."

ஆள் காட்டிக்கொடுத்தால் ஆளைப் பிடித்து உலுக்கலாம். அவரவர் மார்பிலேயே படுத்துக்கொண்டு, தாலிக்குப் பக்கத்திலிருந்து காட்டிக்கொடுப்பதை என்ன செய்வது?

திரும்பி வந்ததும் சொன்னால் யார் நம்புவார்கள்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நேரே நிரைக்காரியிடம் போனேன். "ஞாயித்துக்கெழம ஒரு பொழுது ஒன் போன எங்கிட்ட குடு. நீ வீட்ட விட்டு நகராத. அதுக்கப்புறம் என் மூஞ்சியில முழிக்க வேண்டாம்" என்றேன். என்னை ஒழித்துவிட்டால் போதும் என்றுதான் கொடுத்தாள். நான் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, புல்லறுக்கும் சாக்கில் மேனேஜர் பங்களாவுக்குப் பின்னால் போய், செடித் தூரில் வைத்துவிட்டு, மத்தியானம் முழுக்க அங்கேயே புல் அறுத்தேன். மாட்டுக்கு அவ்வளவு புல் ஒருநாளும் கிடைத்ததில்லை.

திங்கட்கிழமை ஃபீல்டு ஆபீசர் நிரைக்கே வந்தார். அவளிடம் மெல்லக் கேட்டார். "பங்களாவுக்குப் பின்னாடி எந்தா காரியம் சேச்சி? அத்தனை நேரம்?"

நாலு நிரை தள்ளி நின்ற எனக்குக் கேட்டது. அவர் போன பிறகு அவள் கொழுந்து வெட்டும் கத்தரியைக் கீழே போட்டுவிட்டுச் செடி நடுவில் உட்கார்ந்துவிட்டாள். ஜாக்கெட்டிலிருந்து போனை எடுத்துப் பாம்பை எறிகிற மாதிரி எறிந்தாள். பிறகு அவளே போய்த் தேடி எடுத்தாள். அது இல்லாமல் நாளைக்குப் பேர் விழாது.

"மதினி" என்றாள். நான் எத்தனையோ நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஏச்சில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வாய் திறக்கவே பயமாக இருந்தது. போன் அவள் கையில் இருந்தது.

அடுத்த ஞாயிறு எட்டுப் பேரும் போனை வீட்டில் போட்டுவிட்டு என்னோடு கம்பத்துக்கு வந்தார்கள். சம்பந்தியம்மாவிடம் நிரைக்காரியே பேசினாள், மன்னிப்பும் கேட்டாள். மகளைக் கூட்டி வந்தோம். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அந்த வாரம் எங்களில் ஒருத்தி போனிலிருந்து அந்தப் பேர் போடும் ஆப்பை அழித்துப் பார்த்தாள். காலையில் எழுந்து பார்த்தால் அது பழைய இடத்திலேயே இருந்தது. அவள் போனை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு மலையேறினாள்.

அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். ஃபீல்டு ஆபீசர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். மேசையில் ஒரு புதுப் போன் இருந்தது. "மகள் வந்நிருக்காள் அல்லே? இனிமேல் டிஸ்பென்சரி ஜீப் இதில்தான் கூப்பிடணும் சேச்சி. பட்டன் போனில் பற்றில்ல. அதான் உங்களுக்குக் கம்பெனியே தருது." பட்டன் போனில் முடியாது என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். எனக்கு எல்லாம் புரிந்தது. வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழுந்தது. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியாக ஒருத்தி படுத்திருந்தாள். வாங்கிக்கொண்டேன்.

நிறைமாதத்தில் ஒரு மத்தியானம் மகளை மெல்ல நடத்தி மேல் லயத்தில் நிரைக்காரி வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன். அங்கேதான் வலி கண்டது, பனிக்குடமும் உடைந்தது. போனில் ஜீப் படத்தை அமுக்கினேன். ஜீப் நேரே கீழே எங்கள் வீட்டுக்குப் போய் நிற்குமே, மறித்துச் சொல்ல வேண்டுமே என்று தலைவிரிகோலமாக இறக்கத்தில் ஓடினேன். பாதி வழியில் ஜீப் எதிரே வந்தது. என் கை காட்டலுக்கு நிற்காமல், எங்கள் லயத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஏறி நேராக நிரைக்காரி வாசலில் போய் நின்றது. பின்னாலேயே ஏறி ஓடி வந்த என்னிடம், "இங்கனதானக்கா காட்டுது" என்றார் டிரைவர். அந்த நிமிஷம் நான் அந்தப் போனை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை, நானேதான் செய்தேன்.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிள்ளை தங்கியிருக்காது என்று நர்ஸ் சொன்னார். மகள் கண் விழித்துப் பிள்ளையை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். பிறகு என் இடுப்பில் செருகியிருந்த போனைப் பார்த்தாள். "அம்மா, பிள்ளைகிட்ட வரும்போது அதை வெளிய வச்சிட்டு வா" என்றாள்.

நான் வைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்ப ஜீப் கூப்பிட வேண்டியிருந்தது.