களத்தில் நீட்டிய முறம்

எண்பதுகளில் கொஞ்ச காலம் நான் அரூர்ப் பக்கம் சிஸ்டர்கள் நடத்திய வீட்டில் இருந்தேன். புருஷன் அடித்துத் துரத்திய பெண்களும், அடி தாங்காமல் தானே கிளம்பி வந்த பெண்களும் தங்குகிற வீடு. நான் தானே வந்தவள். இடது கை ஒடிந்து சரியாகச் சேராமல் இருந்தது. இடுப்பில் மகள்.

வீடு அரசாங்க மானியத்தில் நடந்தது. ஒரு வருஷத்துக்குத்தான் கொடுப்பார்கள். அடுத்த வருஷத்துக்குப் புதிதாக எழுதிக் கேட்க வேண்டும். ஆர்டர் வருகிற வரைக்கும் ஒன்றும் வராது. அந்தத் தடவை மழைக்காலத்தில் நின்றது தை பிறந்தும் வரவில்லை. கடைக்காரர் அரிசி போடுவதை நிறுத்தினார். இரண்டு பெண்கள் புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போனார்கள். சிஸ்டர் போகச் சொல்லவில்லை. பிள்ளைகள் பசி என்று அழுததும் அவர்களே துணியைக் கட்டிக்கொண்டு போனார்கள். அடுத்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தையில் எங்கள் பக்கம் கேழ்வரகு அடிப்பார்கள். களத்தில் அம்பாரம் குவித்து, அளக்கிறதற்கு முன்னால் யார் முறத்தோடு வந்து நின்றாலும் வெறும் முறமாக அனுப்ப மாட்டார்கள். யார் எவர் என்று கேட்காமல் ஒரு அள்ளு போடுவார்கள். பெரிய சிஸ்டர் தெற்கத்திக்காரர். நாமும் முறத்தோடு போய் நிற்கலாம் என்று சொல்லி, என் பிறந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்.

“தெரிஞ்ச முகம்னா கூடப் போடுவாங்கல்லா?” என்றார்.

அந்த ஊரிலேயே பிறந்த பெண்ணுக்குக் களத்தில் முறத்தில் போடும் வழக்கம் இல்லை. அவளுக்குக் கூடையில் அளந்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அது சீர். முறத்தில் போடுவது பிச்சை. இது அவருக்குத் தெரியாது. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. பஸ் ஏறினோம்.

களத்தில் பெண்கள் தூற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சிஸ்டரைப் பார்த்துச் சிரித்தாள்.

“உங்க சாமி ரொட்டி குடுப்பாருன்னாங்களே. எங்ககிட்ட கேவுரு கேக்க வந்துட்டீங்க?”

“ரொட்டி தீந்து போச்சும்மா. அதான் களிக்கு வந்தோம்” என்றார் சிஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். நான் முந்தானையைத் தலையில் போட்டு, கடைசியில் நின்றேன்.

போட்டுக்கொண்டே வந்தவர் என் அண்ணன். என் முறத்துக்கு வந்ததும் கை நின்றது. என் ஒடிந்த கையைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார். கூடை கொண்டுவரச் சொல்லி, நிறைய அள்ளி என் முன்னால் வைத்தார்.

“மொறத்தக் கீழ போடு. இத எடுத்துக்கிட்டு மொரப்பூர்ல ரயிலேறிப் பொம்மிடியில எறங்கு. உன் வூட்டுக்குப் போ.”

“கை இன்னும் நீளலீங்கண்ணா.”

“அது கூடிக்கும்.”

“அங்க போனா கூடாதுங்க.”

“ஊரே பாக்குது. எங்க மானத்த இப்பிடிக் கொண்டாந்து களத்துல கொட்டறயே.”

கூடையைப் பார்த்தேன். சிஸ்டர் வீட்டில் எல்லோரும் ஒரு வாரம் சாப்பிடலாம். ஆனால் அதைத் தூக்கினால் பொம்மிடியில் புருஷன் வீட்டுக்குத்தான் தூக்க வேண்டும். முறத்தை நீட்டினேன்.

“இதுலயே போடுங்கண்ணா.”

தூற்றியவர்கள் நிறுத்திவிட்டார்கள். அண்ணன் ஒரு அள்ளு போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. கூடையைத் திரும்ப அம்பாரத்தில் கவிழ்த்தார்.

அன்று சாயங்காலம் திரித்துக் களி கிண்டினோம். மகள் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன்.

பிறகு தருமபுரிக்கு மனு கொடுக்கப் போனோம். அதிகாரி நல்ல மாதிரிதான் பேசினார். பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

“கிராமத்துல தானியம் வசூல் பண்றீங்களாமே சிஸ்டர். நல்ல விஷயம். சனங்களே குடுக்கறாங்க பாருங்க.”

நான் எழுந்து நின்றேன்.

“குடுத்தாங்க சார். எங்கண்ணன் குடுத்தாரு. புருஷன் வூட்டுக்குப் போறதா இருந்தா ஒரு கூடை. போவலைன்னா ஒரு அள்ளு.”

மேஜைகளில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். கூடப்பிறந்தவர் செய்ததை ஆபீசில் சொல்லிவிட்டோமே என்று எனக்கு மேலெல்லாம் கூசியது. அதற்காக நிறுத்தவில்லை.

“வருசா வருசம் நின்னு போவாத மாதிரி எழுதிக் குடுங்க சார்.”

“அது மேல முடிவு பண்றதும்மா” என்றார். மனுவை வாங்கிக்கொண்டார்.

இப்போதும் அதைத்தான் கேட்கிறேன். அரசாங்கத்துக்கு நான் யாருடைய தங்கை என்று தெரியாது. அது கொடுத்தால் என்னை எங்கேயும் போகச் சொல்லாது. அண்ணன் கொடுத்தால் சொல்வார். ஊர் கொடுத்தாலும் சொல்லும். அந்த மாதிரி வீடுகளுக்கு மானியம் நடுவில் நிற்காமல் வர வேண்டும். ஒரு மாசம் நின்றாலும் யாராவது ஒருத்தி திரும்பிப் போய்விடுகிறாள்.

அந்தப் பங்குனியில் ஆர்டர் வந்தது. சிஸ்டர் படித்துக் காட்டினார். அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று இருந்தது. கடையில் மறுபடியும் அரிசி போட்டார்கள்.

“இந்த முறத்தையெல்லாம் யாருக்காவது குடுத்துரலாமா?” என்று சிஸ்டர் கேட்டார்.

“இருக்கட்டும் சிஸ்டர்” என்றேன். சாணி மெழுகி வெயிலில் காயவைத்தேன். அண்ணன் போட்ட முறத்தையும் சேர்த்துத்தான்.