இறக்கை மடித்த விமானத்தில் ஒரு ஸ்பூன்

2025 பிப்ரவரி எட்டாம் தேதி, இரண்டாம் சனிக்கிழமை. எனக்கு அலுவலக விடுமுறை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து மோட்டார் போட்டேன். மாடித் தொட்டி நிறைவதற்குள் காபி குடித்து, முந்தின நாள் டைரியை எழுதி முடித்தேன். இரவில் எழுதினால் அன்றைய எரிச்சலும் தூக்கமும் சேர்ந்துகொள்ளும் என்பதால் பல வருடங்களாகக் காலையில்தான் எழுதுகிறேன். ஆறரைக்கு மீன்காரி வந்தாள். சாளை வாங்கிக் கழுவி, மஞ்சள் தடவிப் பிரிட்ஜில் வைத்தேன். அதற்குள் அண்ணன் முதல் பூசை முடிந்து வந்து, வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஏளா, ஸ்பூன் எல்லாம் எடுத்து வச்சிட்டியா?"

"வட்டிலப்பம் வருதா?"

"காயல்காரன் நேத்தே போன் போட்டுச் சொல்லிட்டான். முட்டை, தேங்காப்பாலு எல்லாம் தயார், ஸ்பூன் மட்டும் உங்க வீட்டுதுன்னான்."

அண்ணன் எனக்குப் பதினெட்டு வயது மூத்தவர். எங்கள் அப்பா சங்கு குளித்தவர். கடலுக்கு அடியில் போனவரின் மகன் ஆகாயத்தில் போக ஆசைப்பட்டுக் கடற்படையில் சேர்ந்தார். சேர்ந்த இடம் சரிதான், விமானப் பிரிவு. ஆனால் அவருக்குக் கொடுத்த வேலை விமானம் ஓட்டுவதல்ல, அதைப் பழுது பார்ப்பது. விமானம் தாங்கிக் கப்பலின் தளத்திலேயே நின்று மற்றவர்களை ஏற்றி அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்பி வரும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, அப்படியே ஓய்வு பெற்றுவிட்டார். ஒரே ஒரு தடவை, காலியாக இருந்த மூன்றாவது இருக்கையில் அவரையும் கூட்டிப்போவதாக ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்குக் காலையில் அவருக்குப் பொன்னுக்கு வீங்கி, கன்னம் இரண்டும் உப்பிப்போய்விட்டன. தலைக்கவசம் மாட்ட முடியவில்லை.

அந்த வகை விமானம் ஒன்றுதான் இப்போது எங்கள் ஊரில் இருக்கிறது. துறைமுகச் சாலையில் ஒரு பழைய உப்புக் கிட்டங்கியைச் சுத்தம் செய்து சின்னதாக ஒரு விமான அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். ஒரு மஞ்சள் பயிற்சி விமானம், ஒரு ஹெலிகாப்டர், அப்புறம் அண்ணனுடைய விமானம். கப்பலில் இடம் போதாது என்பதால் இறக்கைகளை மேலே மடித்து வைக்கிற மாதிரி செய்த விமானம் அது. இங்கேயும் மடித்துத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். பார்க்க வருகிற பிள்ளைகள் வெட்டுக்கிளி என்று சொல்லும்.

கிட்டங்கிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். ஒரு மாதம் துடைக்காமல் விட்டால் தகட்டில் வெள்ளை பூத்துவிடும். அதனால் ஒவ்வொரு இரண்டாம் சனிக்கிழமையும் அந்தக் கப்பலில் ஒன்றாக இருந்த மூன்று பேர் வந்து நல்ல தண்ணீரில் துடைத்து எண்ணெய் தடவுகிறார்கள். அண்ணன் ஒருவர். காயல்பட்டினத்துக்காரர் ஒருவர், அவர் ரேடியோ வேலை பார்த்தவர். மூன்றாமவர் நாசரேத்துக்காரர்; அவர் ஒருவர்தான் பின்னிருக்கையில் உட்கார்ந்து உண்மையிலேயே பறந்தவர். சாப்பாடும் பையும் என் பொறுப்பு.

அந்தச் சனிக்கிழமைக்கு ஒரு விசேஷம் இருந்தது. திங்கட்கிழமை ஆட்கள் வந்து, இருக்கைகள் மேல் கண்ணாடித் தகடு போட்டு நிரந்தரமாக மூடப்போகிறார்கள். அதற்குப் பிறகு யாரும் உள்ளே ஏற முடியாது. ஒரு தடவை ஏறி உட்கார அண்ணன் அருங்காட்சியகக் காப்பாளரிடம் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒருவழியாக இறங்கிவந்திருந்தார்.

"நாலு மணிக்கு மேல கூட்டம் கொறஞ்சிரும் அண்ணாச்சி. ஏறி உக்காந்துக்கிடுங்க. அஞ்சுக்குப் பூட்டிருவேன், அத மட்டும் பாத்துக்கிடுங்க."

காலை முழுவதும் துடைத்தார்கள். துடைத்ததைவிடப் பேசியது அதிகம். நாகர்கோவிலில் இருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு நாசரேத்துக்காரர் வால் பக்கம் இருந்த கொக்கியைக் காட்டினார்.

"கப்பல்ல எறங்கும்போது இந்தக் கொக்கி தளத்துல கெடக்க கம்பியில மாட்டணும். மாட்டலேன்னா நேரே கடலுதான். ஒரு தடவை மழையில ரெண்டு சுத்து சுத்தி வந்தும் மாட்டல. மூணாவது சுத்துல நான் பைபிள் சங்கீதம் சொல்ல ஆரம்பிச்சிட்டேன்."

"போன மாசம் சொன்னப்ப ரெண்டாவது சுத்துலயே மாட்டுச்சே வே," என்றார் காயல்காரர், துணியைப் பிழிந்துகொண்டே.

"நீரு கீழ ரேடியோவுல இருந்தீரு. ஒமக்கு என்ன தெரியும்?"

"ரேடியோவுல இருந்ததாலதான் தெரியும். சங்கீதமா சொன்னீரு? அம்மான்னு கத்துன சத்தம் எனக்குக் காதுல கேட்டுச்சே!"

அந்தக் குடும்பத்தில் இருந்த அம்மாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நாசரேத்துக்காரரும் சிரித்தார். அடுத்து வந்தவர்களிடம் அதே கதையைச் சொன்னபோது நான்கு சுற்று ஆகிவிட்டது.

மதியம் விமானத்தின் நிழலில் தார்ப்பாய் விரித்துச் சாப்பிட்டோம். புளிச்சாதம், முட்டை, கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம். காயல்காரரின் வீட்டம்மா செய்தது. ஏலக்காய் வாசனை கிட்டங்கியில் இருந்த எண்ணெய் வாசனையை அமுக்கிவிட்டது. காப்பாளரையும் கூப்பிட்டு உட்காரவைத்தோம். எல்லோரும் இரண்டாம் தடவை வாங்கினார்கள். அப்புறம் ஆண்கள் கை கழுவி மறுபடி வேலையில் இறங்கினார்கள். நான் பாத்திரங்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஹெலிகாப்டர் பக்கம் காற்றாட உட்கார்ந்தேன்.

நாலு மணி தாண்டிக் கூட்டம் கலைந்தது. காப்பாளர் ஏணியைக் கொண்டுவந்து சாய்த்தார். அண்ணன் சட்டையை இழுத்துவிட்டு, தலையைக் கையாலேயே சீவிக்கொண்டு, ஏணியின் முதல் படியில் கால் வைத்தார். நான் போட்டோ எடுப்பதற்கு முன் பையைக் கட்டி வைத்துவிடலாம் என்று சாமான்களை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு ஸ்பூன் கொறையுதே," என்றேன். யாரிடமும் சொல்லவில்லை. பையிடம் சொன்னேன்.

அண்ணன் படியில் இருந்த காலைக் கீழே எடுத்து வைத்தார்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. நீங்க ஏறுங்க. எங்கயாவது கெடக்கும்."

"எத்தனை கொண்டுவந்த?"

"ஆறு."

"இப்ப?"

"அஞ்சு."

"அப்ப யாரும் ஏறக்கூடாது," என்றார். யாரும் என்று சொன்னாலும் ஏற இருந்தவர் அவர் ஒருவர்தான்.

அவர்கள் வேலையில் அது ஒரு முறை. விமானத்தில் வேலை முடிந்ததும் கருவிகளை எண்ண வேண்டும். ஒரு சின்னத் திருப்புளி குறைந்தாலும் அது கிடைக்கும்வரை விமானம் கிளம்பாது. யாராய் இருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். உள்ளே மறந்துபோன ஒரு துண்டு இரும்பு, மேலே பறக்கும்போது உருண்டு போய் எதிலாவது சிக்கினால் உட்கார்ந்திருக்கும் மூன்று பேருக்கும் முடிவு. கருவி அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் அண்ணன். அவர் எண்ணி முடித்துத் தலையசைத்தால்தான் மற்றது எல்லாம்.

எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. எண்ணி வைக்கிற பழக்கம் எனக்கும் இருக்கிறதே, அதைப் பத்து நிமிடம் கழித்து வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா?

காப்பாளர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, அது ஸ்பூன். இது இனிமே பறக்கவா போவுது?"

"பறக்காதுன்னு அதுகிட்ட நீரு சொன்னீரா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் தார்ப்பாயை உதறப் போய்விட்டார்.

தேடல் ஆரம்பித்தது. நாசரேத்துக்காரர் காயல்காரரைச் சுற்றி வந்தார்.

"வே, ரெண்டு தரம் வாங்கித் தின்னீரு. ஸ்பூனையும் சேத்து முழுங்கிட்டீரா?"

"முழுங்கியிருந்தா வயித்துக்குள்ள சத்தம் கேக்குமே. வந்து காது வச்சுப் பாரும்."

அவர் நிஜமாகவே குனிந்து காது வைத்தார். காயல்காரர் வயிற்றை ஆட்டிக் காட்டினார். நான் பையைக் கொட்டி மறுபடி பார்த்தேன். குப்பைக் கூடையைக் கிளறினேன். காப்பாளர் தன் மேசை அறை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு பேனா மூடியும், யாரோ ஒரு பிள்ளையின் கொலுசு மணியும் கிடைத்தன. மணி நாலே முக்கால் ஆகிவிட்டது.

"அண்ணே, நீங்க ஏறி உக்காந்து எறங்குங்க. பொறவு தேடிக்கிடலாம். திங்கக்கெழம மூடிருவாங்க," என்றேன்.

"கணக்கு சரியாகட்டும்ளா."

அவர் குரலில் பிடிவாதம் கூட இல்லை. மழை பெய்தால் குடை எடுத்துப் போ என்பது மாதிரிதான் சொன்னார்.

காயல்காரர் தேடுவதை நிறுத்திவிட்டு விமானத்தின் மூக்கில் சாய்ந்தார். "ஏலே, இப்படித் தேடக்கூடாது. கப்பல்ல அன்னைக்கு நீ சொல்லுவியே, அப்படித் தேடணும். சாப்பிட்ட பொறவு யாரு யாரு எங்கன நின்னீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

நாசரேத்துக்காரர் வால் பக்கம். காயல்காரர் இடது இறக்கை. காப்பாளர் மேசைக்குப் போய்விட்டார். அண்ணன் வயிற்றுப் பக்கம் படுத்து, அடிமூடிகளைத் திறந்து உள்ளே பூத்திருந்த உப்பைத் துடைத்தார்.

"மூடிய எத வச்சித் தெறந்த?" என்றார் காயல்காரர்.

"திருப்புளிய வச்சித்தான்."

"திருப்புளி எங்கிட்டல்லா இருந்துச்சி."

அந்த மூடிகளில் இருக்கிற திருகு ஒரு விதம். நாணயத்தையோ தட்டையான எதையோ பள்ளத்தில் வைத்துக் கால் சுற்றுச் சுற்றினால் திறந்துகொள்ளும். அழுத்தி எதிர்ப்பக்கம் சுற்றினால் மூடிக்கொள்ளும். மூடுவதற்குக் கட்டை விரல் நகமே போதும் என்று அண்ணன் பெருமையாகச் சொல்வார். ஸ்பூன் காம்பு அதற்கு எவ்வளவு தோதாக இருக்கும் என்பது அந்த வேலை பார்த்தவர்களுக்குத்தான் தோன்றும்.

அண்ணன் மெதுவாக விமானத்தின் அடியில் போய்ப் படுத்தார். காப்பாளர் பின்னாலேயே போய் முட்டி போட்டு, செல்போன் வெளிச்சத்தைக் காட்டினார். முதல் மூடியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒரு குளவிக்கூடு. மூன்றாவது மூடியைத் திறந்து அண்ணன் முழங்கை வரை கையை விட்டார். டிங் என்று ஒரு சத்தம் கேட்டது.

வெளியே வந்தபோது அவர் கையில் ஸ்பூன் இருந்தது. எங்கள் வீட்டு ஸ்பூன்தான். காம்பில் பூ போட்டது. இன்னும் கொஞ்சம் வட்டிலப்பம் ஒட்டியிருந்தது.

"நாந்தாம்ல வச்சிருக்கேன்," என்றார்.

நாசரேத்துக்காரர் சிரித்த சிரிப்பில் மேலே உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்தன. காயல்காரர் சிரிக்க முடியாமல் இருமினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"யா அல்லாஹ்! ஒரு திருப்புளிக்காக எங்க எல்லாரையும் சாப்பிட விடாம நிக்க வச்சானே, இவனா! இவனா ஸ்பூன உள்ள வச்சி மூடுனான்! தங்கச்சி, இத ஒன் டைரில எழுது. பெரிய எழுத்துல எழுது."

"தண்டனை என்ன வே?" என்றார் நாசரேத்துக்காரர்.

"அன்னைக்கு என்ன தண்டனையோ, அதேதான். தொலைச்சத தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிக்கிட்டு தளத்தைச் சுத்தி ஓடணும்."

"ஓட்டம் வேண்டாம். முட்டி வலிக்காரன். நடக்கட்டும்."

எழுபத்திரண்டு வயது அண்ணன், சட்டையெல்லாம் உப்பும் எண்ணெயுமாக, ஸ்பூனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு விமானத்தைச் சுற்றி நடந்தார். மூக்கைத் தாண்டும்போது நடை கொஞ்சம் மிடுக்காக மாறியது. கடைசியாக வெளியேறிக்கொண்டிருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் என்ன ஏது என்று தெரியாமலே கைதட்டினார்கள். நான் எடுக்க நினைத்த போட்டோ வேறு, எடுத்த போட்டோ இது. எங்கள் வீட்டில் அவருடைய போட்டோக்களில் இவ்வளவு வாய் திறந்து சிரிக்கிற படம் வேறு இல்லை.

சுற்றி முடித்தபோது ஐந்து மணி தாண்டிவிட்டது. காப்பாளர் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாவியை அவர் ஐந்தேகாலுக்கு ஒப்படைத்தாக வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் ஏணியை நிமிர்ந்து பார்த்தார். கேட்கவில்லை. தானே ஏணியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார்.

"கணக்கு சரியாயிட்டு. வாங்க போவோம்," என்றார்.

நாங்கள் வாசல்வரை வந்துவிட்டோம். காப்பாளர் இரும்புக் கதவைப் பாதி இழுத்தவர், அப்படியே நின்றார். அவருடைய கால்சட்டை முட்டியிலும் உப்பும் எண்ணெயும் ஒட்டியிருந்தன.

"அண்ணாச்சி, நாளைக்குப் பெருக்கித் தொடைக்க ஆறு மணிக்கே தெறந்திருவேன். சனங்க பத்துக்குத்தான் வாரது. ஆறு மணிக்கு வந்தா யாரு பாக்கா?" கொஞ்சம் நிறுத்தி, "ஆனா ஸ்பூன் கொண்டு வராதீங்க," என்றார்.

மற்ற இருவரும் ஊருக்குப் போகவில்லை. வீடுகளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு எங்களோடு வந்துவிட்டார்கள். சாளை, அண்ணன், நான், என் கணவர் என்று மூன்று பேர் கணக்குக்கு வாங்கியது. குழம்புக்குத் தேங்காய் கூடுதலாக அரைத்துச் சமாளித்தேன். சாப்பாட்டுக்குப் பின் ஸ்பூன் கதையை நாசரேத்துக்காரர் என் கணவருக்குச் சொன்னார். அதற்குள் அது விமானம் பறந்துகொண்டிருந்தபோது நடந்ததாகிவிட்டது.

மறுநாள் ஞாயிறு. அண்ணன் முதல் பூசையை விட்டுவிட்டு இரண்டாம் பூசைக்குப் போவது என்று முடிவு செய்தார். எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. டைரியையும் நான் எழுதவில்லை. ஆறு மணிக்கு ஏணியின் அடியில் நின்றோம். அவர் ஏறவில்லை. என் பக்கம் திரும்பி, "முந்தானையைப் பிடிளா," என்றார். பிடித்தேன். சட்டைப் பையில் இருந்து செபமாலை, கண்ணாடிக் கூடு, பேனா. கால்சட்டைப் பையில் இருந்து வீட்டுச் சாவி, சில்லறை, ஒரு ஏலக்காய். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். பைகளை வெளியே இழுத்துக் காட்டினார்.

"சரியா?"

"சரிதான்," என்றேன்.

அதன் பிறகுதான் படியில் கால் வைத்தார்.