தேவமணி அக்காவின் தீவட்டி

எங்கள் சபையில் மணவாளன் நான்தான். சிரிக்க வேண்டாம். நான் பாளையங்கோட்டைக் கோர்ட்டில் கிளார்க், இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள். ஆனால் பெண்கள் ஐக்கிய சங்கப் பண்டிகையன்று மாலை, வெள்ளை அங்கியும் ஒட்டு மீசையுமாக நான் ஆலயத்துக்குள் நடந்து வந்தால் முன்வரிசைக் குழந்தைகள் வாயைப் பிளந்துவிடும். இந்த உயரத்தை வைத்துக்கொண்டு பெண் பார்க்க வந்தவர்களிடம் நான் பட்ட பாடு கொஞ்சமா? மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரல் வேறு. இரண்டும் ஒருநாளாவது பெருமைப்படட்டும் என்றுதான் வருடா வருடம் மீசை ஒட்டிக்கொள்கிறேன்.

நாடகம் எப்போதும் ஒன்றேதான், பத்துக் கன்னிகைகளின் உவமை. பரலோக ராஜ்யம் எப்படிப்பட்டது என்று இயேசு சொன்ன கதைகளில் ஒன்று. கல்யாண மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைக்கப் பத்துப் பெண்கள் தீவட்டியோடு காத்திருக்கிறார்கள். ஐந்து பேர் கையோடு கூடுதல் எண்ணெய் கொண்டுவந்த புத்திசாலிகள், மற்ற ஐந்து பேர் மறந்துவிட்ட மண்டூகங்கள். மாப்பிள்ளை வர நேரமாகிறது. தீவட்டி மங்கும்போது இவர்கள் எண்ணெய் கேட்கிறார்கள், அவர்கள் இல்லையென்று சொல்லிக் கடைக்குப் போகச் சொல்கிறார்கள். கடைக்குப் போன நேரம் பார்த்து மாப்பிள்ளை வந்துவிடுகிறார். காத்திருந்தவர்கள் உள்ளே போனதும் கதவு சாத்தப்படுகிறது. திரும்பி வந்து கதவைத் தட்டுகிறவர்களுக்கு, நீங்கள் யாரென்றே எனக்குத் தெரியாது என்று உள்ளிருந்து பதில் வருகிறது. அந்தப் பதிலைச் சொல்வது என் வேலை.

அதைக் கேட்டு அழுவது தேவமணி அக்காவின் வேலை. பத்து வருடத்துக்கு மேலாக அக்கா புத்தியில்லாத ஐந்து பேரில் ஒருத்தி. காரணம், அந்த அழுகை. ஒட்டுப்பலகைக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அக்கா ஒரு குரல் எடுத்தால், ஆண்கள் பக்கத்திலும் கைக்குட்டை வெளியே வந்துவிடும். நாடகம் போடும் டெபோரா டீச்சர் அப்படிப்பட்ட அழுகையைக் கைவிடுவார்களா?

அக்கா பிறந்தது ராதாபுரம் பக்கம். கொத்தனாருக்கு வாழ்க்கைப்பட்டுப் பேட்டைக்கு வந்தார். கொத்தனார் போய்ச் சேர்ந்தபிறகு காஜா முகைதீன் அண்ணாச்சியின் தகரப் பட்டறையில் டப்பாக்களுக்கு விளிம்பு தேய்க்கும் வேலை. அவரிடம் இல்லை என்ற சொல் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி காப்பிப்பொடி கேட்டால் டப்பாவோடு போய்விடும். எதிர்வீட்டில் கேஸ் தீர்ந்தால் இவர் வீட்டு சிலிண்டர் உருண்டுகொண்டு போகும், இவர் அன்றைக்குப் பன்னும் டீயும் சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குப் போவார். நான் இதற்காக அவரைத் திட்டாத நாள் இல்லை. சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார், மறுநாளும் கொடுப்பார்.

போன வருடம் பண்டிகை முடிந்து டவுன் பஸ்ஸில் திரும்பும்போது அக்கா ஒரு விஷயம் சொன்னார். மீசை ஒட்டிய இடம் எனக்கு அரித்துக்கொண்டிருந்தது, நான் பாதிதான் காதில் வாங்கினேன். பிறகு முழுசாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டேன்.

"நடிப்புதான், எனக்குத் தெரியாமயா இருக்கு? ஆனா வருசா வருசம் நீ உள்ள இருந்து யாருன்னு தெரியாதுன்னு சொல்லுத, அன்னிக்கு ராத்திரி எனக்கு உறக்கமே வராதுளா. நாளைக்கு நெசமாவே அவரு அப்பிடிச் சொல்லிட்டாருன்னா நான் என்ன செய்ய?"

ஒருதரமாவது அந்தக் கதவு வழியாக உள்ளே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண்ணில் பயம் இருந்தது. எத்தனை வருடமாக அந்தப் பயத்தைத்தான் நாங்கள் நல்ல நடிப்பு என்று கைதட்டிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இந்த வருடம் ஒத்திகை தொடங்கிய அன்றே நான் டெபோரா டீச்சரிடம் சண்டைக்கு நின்றேன். தேவமணி அக்கா புத்தியுள்ளவர்கள் பக்கம் வரவேண்டும், இல்லாவிட்டால் வேறு மணவாளனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். எங்கள் சபையில் இந்த உயரத்துக்கு வேறு ஆள் இல்லை என்பது டீச்சருக்கும் தெரியும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சரி என்றார்கள்.

ஒத்திகையில்தான் வந்தது வம்பு. எண்ணெய் கேட்கிறவர்களிடம், எங்களுக்கே போதாது, கடைக்குப் போங்கள் என்று சொல்லவேண்டும். அக்காவுக்கு அது வாயில் வரவே இல்லை. "எங்களுக்கே..." என்று தொடங்குவார், கேட்கிறவள் முகத்தைப் பார்ப்பார், விழுங்கிவிடுவார். டீச்சர் பொறுமையாக விளக்கினார்கள். ஒருத்தி படித்து இன்னொருத்தி பாஸாக முடியாது, அதுபோல விசுவாசத்தைக் கடன் கொடுக்க முடியாது, அந்த எண்ணெய்க்கு அதுதான் அர்த்தம் என்றார்கள். அக்கா தலையை ஆட்டினார். மறுபடி தொடங்கினார், மறுபடி விழுங்கினார். கடைசியில் டீச்சர் அந்த வசனத்தை வேறொருத்திக்கு மாற்றிவிட்டு, நீங்கள் சும்மா நில்லுங்கள், எண்ணெய் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

சும்மா நிற்பது. இதில் என்ன தப்பு நடந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

பண்டிகை மாலை வந்தது. ஆலயம் நிரம்பி, வராந்தாவிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். கம்பு நுனியில் தகரக் கிண்ணம் வைத்த தீவட்டி பத்தும் காஜா முகைதீன் அண்ணாச்சி பட்டறையில் செய்தவை. தன் கைவேலையைப் பார்க்க அவரே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். உள்ளே விளக்குகளை அணைத்ததும் பத்துச் சுடர் மட்டும் எரிந்தது. அக்கா புத்தியுள்ளவர்கள் வரிசையில் ஐந்தாவது ஆளாக, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி தலை நிறையப் பிச்சிப்பூவோடு நின்றார். நான் வாசலுக்கு வெளியே, பக்கத்து ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். என் சொந்தப் பெண்ணையே கட்டிக் கொடுக்கிற மாதிரி எனக்கு ஒரு பூரிப்பு.

அந்த நேரம் பார்த்து மீசை கழன்றது. வியர்வையில் பசை இளகிக் கீழே மணலில் விழுந்துவிட்டது. இரண்டு பெண்கள் செல்போன் வெளிச்சத்தில் தேடினார்கள். மீசை இல்லாமல் போனால் மணவாளன் எங்கே, கோர்ட் கிளார்க்குதான். நான் ஜன்னலுக்கும் மணலுக்குமாகத் தவித்தேன். உள்ளே கதை தன்பாட்டுக்கு ஓடியது.

புத்தியில்லாதவர்களில் கலையரசி என்று ஒரு பெண். கல்யாணமாகி எங்கள் சபைக்கு வந்து ஆறேழு மாதம்கூட ஆகவில்லை, மேடைக்கு அதுதான் முதல்முறை. அவள் தீவட்டி மங்கிக்கொண்டே வந்தது. எழுதிக்கொடுத்த வசனம் மறந்தே போய்விட்டது. அக்கா பக்கமாக நகர்ந்து, சொந்தப் பேச்சிலேயே கெஞ்சினாள். "அக்கா, எனக்குக் கொஞ்சம் தாங்களேன். எல்லாரும் பாக்காங்க."

அவ்வளவுதான். முந்தானைக்குள் இருந்து பாட்டில் வெளியே வந்தது. அக்கா ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் அவள் தீவட்டியில் ஊற்றிவிட்டார்.

ஆலயமே கொல்லென்று சிரித்தது. டெபோரா டீச்சர் தூணுக்குப் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டார்கள். மற்ற நான்கு பேர் கலையரசியைக் கையைப் பிடித்து இழுத்தார்கள், கதைப்படி இப்போது கடைக்குப் போகவேண்டுமே. சுடர் கொழுந்துவிட்டு எரிய, எண்ணெய் வாங்க ஒருத்தி கடைக்குப் போகிறாள். சிரிப்பு இன்னும் கூடியது.

இங்கே அக்காவின் தீவட்டி சிறுத்தது, புகைந்தது, அணைந்தது. சிரிப்பும் பைய அடங்கிவிட்டது. டீச்சர் தூண் மறைவிலிருந்து சைகை காட்டினார்கள், வெளியே வந்து அந்த ஐந்து பேரோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்று. அணைந்த தீவட்டியோடு உள்ளே போனால் உவமை என்ன ஆவது? அக்கா டீச்சரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு அந்த இடத்திலேயே நின்றார். ஒருவர் கேட்டதை அக்கா மறுத்து நான் பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை.

இதற்குமேல் வெளியே நிற்க என்னால் முடியவில்லை. மீசையும் மண்ணாங்கட்டியும் என்று நான் உள்ளே நடந்தேன்.

கூட்டம் எழுந்து நின்றது. நான்கு தீவட்டிகள் என்னை எதிர்கொண்டு வந்தன. ஐந்தாவதாக அக்கா, கையில் கரி பிடித்த தகரக் கிண்ணம். கதைப்படி நான் அவரைத் தாண்டிப் போகவேண்டும். நான் நின்றுவிட்டேன். அக்கா என்னை நான் என்று பார்க்கவே இல்லை, யாரைப் பார்த்தாரோ அவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"எண்ண இல்லய்யா, குடுத்துட்டேன். ஆனா நான் எங்கயும் போகல்ல. இங்கனயேதான் நின்னேன்."

கோர்ட்டில் கட்டுக் கட்டாகக் காகிதம் படிக்கிறவள் நான், அந்த ஒரு நிமிடத்தில் அந்த உவமையை மனதுக்குள் முழுசாகப் படித்துப் பார்த்தேன். மாப்பிள்ளை எண்ணெயைப் பற்றி எங்கே கேட்டார்? ஒருத்தியின் தீவட்டியையாவது வாங்கிச் சோதித்தாரா? இல்லவே இல்லை. வந்தபோது நின்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். கதவைத் தட்டினவர்களிடமும் எண்ணெய் எங்கே என்று கேட்கவில்லை, உங்களைத் தெரியாது என்றுதான் சொன்னார். இத்தனை வருடமாக என் வாயால் சொன்ன வசனம் அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. நாடகத் தமிழ் எனக்கு மறந்து போயிற்று.

"உன்ன எனக்குத் தெரியும். உள்ள வா" என்றேன்.

அக்கா கதவைத் தாண்டி உள்ளே வந்தார். கைதட்டல் கூரையை முட்டியது. காஜா முகைதீன் அண்ணாச்சி நாற்காலி மேல் ஏறி நின்று தட்டினார் என்று பிறகு சொன்னார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு தண்ணீர் டிரம்மும்தான் இருந்தன. ஆனாலும் அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி சிரித்தார். நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

கதவு சாத்தினோம். கடைக்குப் போனவர்கள் திரும்பி வந்து தட்டினார்கள். பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன், கலையரசியின் தீவட்டி இன்னும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. நான் என் வசனத்துக்காக மூச்சை இழுத்தேன். அதற்குள் அக்கா கதவிடம் போய், அங்கே தொங்கிய மைக் இருப்பதே தெரியாமல், இடுக்கில் வாயை வைத்துத் தாங்கமுடியாத ஆதங்கத்தோடு கேட்டார்.

"ஏளா கலை, ஒன்ட்ட எண்ண இருந்துச்சுல்லா. பெறவு எதுக்குளா போன? இங்கனயே நின்னுருக்கப்படாதா?"

கேள்வி ஆலயம் முழுக்கக் கேட்டது. வெளியே கலையரசி கையிலிருந்த தீவட்டியைப் பார்த்தாள். நீங்கள் யாரென்று தெரியாது என்ற என் வசனத்தை நான் சொல்லாமலே விட்டுவிட்டேன்.