கொடி பிடிப்பவருக்குச் சரியான பெயர்

வீட்டில் அவருக்கு எந்தப் பொருளுக்கும் பெயர் கிடையாது. கரண்டியும் ‘அது’, வடிகட்டியும் ‘அது’, வாஷிங் மெஷின் ‘அந்த இது’. தண்ணீர் மீட்டர் பழுதுபார்ப்பதுதான் பிழைப்பு. ஸ்பேனரைக்கூட “அதை எடு” என்றுதான் கேட்பார். அதே ஆள் சனிக்கிழமை கறுப்புச் சட்டை போட்டு, கழுத்தில் விசிலை மாட்டிவிட்டால் வேறு மனிதர். ஆட்டக் கடைசியில் கூட்டித் தரும் நேரத்தை யாராவது ‘இஞ்சுரி டைம்’ என்று சொன்னால் போதும், “விதியில அப்படி ஒண்ணு இல்லைங்க. அடிஷனல் டைம்” என்பார். கால்பந்து நடுவர்கள் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான். அவர்களே இவருக்குத் ‘திருத்தம்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது என்ன கிறுக்கு என்று அவர் மனைவிக்குக் கல்யாணமான நாளிலிருந்தே குறுகுறுப்பு. கேட்டால் சிரித்து மழுப்புவார்.

அவளுடைய தம்பியும் மைதானத்து ஆள்தான். வாரநாளில் டைல்ஸ் ஒட்டுவான், வாரக்கடைசியில் கோட்டோரம் கொடி பிடிப்பான். ஒருநாள் தனக்குப் பிடித்த பெண்ணையும் அவள் அப்பாவையும் அக்கா வீட்டுக்கு டீ குடிக்க அழைத்து வந்தான். “நான் லைன்ஸ்மேனாவும் இருக்கேன் சார்” என்று பெருமையாகச் சொன்னான். திருத்தத்துக்கு நாக்கு சும்மா இருக்குமா?

“லைன்ஸ்மேன்னு இப்ப யாருமே கிடையாது. அந்தப் பேரை எடுத்துட்டாங்க” என்றார்.

பெண்ணின் அப்பா டீயை வைத்துவிட்டு, “அப்போ தம்பி இல்லாத வேலையா பாக்குறாரு?” என்று கேட்டுச் சிரித்தார். பெண்ணும் சிரித்துவிட்டாள். தம்பியின் முகம் செத்துப்போயிற்று. அன்றைக்கு எழுந்து போனவன், அத்தான் இருக்கிற வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று சொல்லியனுப்பினான். இவரோ, “தப்பைத் தப்புன்னு சொன்னேன், அவ்வளவுதானே” என்று தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். நடுவில் அவள்தான் மத்தளம், இரண்டு பக்கமும் இடி. தம்பி மறுபடி இந்த வீட்டுக்கு வருவானா என்பது ஒன்றுதான் அவளுக்குக் கவலை.

லீக்கின் கடைசி ஆட்டத்துக்கு இருவரையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். ஒரு ஆட்டமும் பார்த்தறியாதவள், அன்று போய்த் தம்பி ஓடுகிற கோட்டுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஆட்டம் முடிகிற நேரத்தில் ஒரு கோல் விழுந்தது. மைதானமே குதித்தது. எதிரணிக் காவலைத் தாண்டி யாரோ முன்னாலேயே நின்றுவிட்டார் என்று தம்பி மட்டும் கொடியை உயர்த்தியபடி அசையாமல் நின்றான். கணவர் அவனை நோக்கி நடந்து வந்தார். அவள் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள்.

“ஆஃப்சைடு நிலையில யாரு?”

“ஒம்பதாம் நம்பர்.”

“பந்தைத் தொட்டாரா?”

“தொடலை.”

“அங்க நிக்கிறது மட்டும் குற்றமில்லை.”

“தெரியும். கோல்கீப்பர் பார்வையை மறைச்சாரு.”

“உறுதியா?”

“உறுதி.”

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. “சாப்டியா” என்று கேட்கக்கூட முடியாத இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று பேசிவிட்டார்கள். அந்த வறட்டுச் சொற்களில் அத்தானும் இல்லை, மச்சானும் இல்லை. கோபம் வந்து உட்கார இடமும் இல்லை. இதற்காகத்தான் இந்த மனிதர் சொல்லுக்குச் சொல் மல்லுக்கு நிற்கிறாரோ என்று முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது.

கோல் செல்லாது என்று கணவர் விசில் ஊதினார். ஆட்டம் முடிந்ததும் தோற்றவர்களின் கூட்டம் கோட்டைத் தாண்டி வந்து தம்பியைச் சூழ்ந்துகொண்டது.

“நீதான்டா கெடுத்தே! உன் கொடிதான்டா!”

கணவர் ஓடி வந்து குறுக்கே நின்றார். “இவர் துணை நடுவர். முடிவெடுக்கலை. தான் பாத்ததைச் சொன்னாரு. முடிவு நடுவரோடது, அது நான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க.”

திட்டோடு ஒரு மண்ணாங்கட்டியும் வந்து அவர் முகத்தில் உடைந்தது. அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குள் மற்ற நடுவர்களும் கிளப் ஆட்களும் கூட்டத்தை விலக்கினார்கள். அவள் பதறி ஓடினாள். தம்பி அதற்கு முன்பே மண்டியிட்டுத் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து அவர் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“கையை எடுங்க அத்தான். மெதுவா முழிச்சுப் பாருங்க. தெரியுதா?”

“தெரியுது.”

தம்பி அவருடைய கையைத் தன் தோளில் போட்டுத் தூக்கி நிறுத்தினான். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

“அக்கா, நீ முன்னால போய் வீட்டைத் திற. நான் கூட்டிட்டு வர்றேன்.”