கவிழ்க்காத டம்ளர்

என் அக்காவை எல்லாரும் 'சோப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். தேய்த்த டம்ளரை நான் மறந்துபோய் நிமிர்த்தி வைத்துவிட்டால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள். நான் அதே வீட்டில் சமையல். அவளிடம் திட்டு வாங்காத நாள் எனக்குக் கிடையாது.

வீட்டுக்காரப் பெரியவர் ஜவுளிக்கடை வைத்திருந்தார். ஒருநாள் சொந்தக்காரர்களை ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போலப் பால் குடித்தார், கொஞ்ச நேரத்தில் மேஜைமேலேயே சாய்ந்துவிட்டார். விஷம் என்றார் டாக்டர். எல்லாரும் சாப்பிட்டதைத்தான் அவரும் சாப்பிட்டார். பால் மட்டும் அவருக்கென்று தனி. காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தது நான்.

மேஜையில் இருந்த பால் டம்ளரைக் காணோம். காலையில் அடுப்படி அலமாரியில் கழுவி வைத்திருந்தது.

"கழுவி வெச்சுட்டா தப்பிச்சுடலாம்னு நெனச்சியா?" என்றார் இன்ஸ்பெக்டர். ஜெயில்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். ராத்திரி பெரியவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த, அதே வீட்டிலேயே இருக்கும் அவருடைய தம்பி வேறு, "அண்ணன் உன்ன வீட்டு மனுஷியாத்தானே நெனச்சாரு" என்று மூக்கை உறிஞ்சினார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

அப்போதுதான் அக்கா வேலைக்கு வந்தாள். வந்ததும் கண் அலமாரிக்குத்தான் போனது.

"எவன் டம்ளர நிமித்தி வெச்சது?"

கொலை நடந்த வீட்டில் கேட்கிற கேள்வியா இது! இன்ஸ்பெக்டர் அதட்டினார். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் குனிந்து மோந்து பார்த்தாள்.

"சார், நீங்களும் மோந்து பாருங்க. ரோஜா வாசனை வருதா? இது குளிக்கிற சோப்பு சார். என் தங்கச்சியா இருந்தா பாத்திர சோப்பப் போட்டுல்ல கழுவியிருப்பா? ரோஜா சோப்பு இந்த வீட்டுல ஒரே ஒரு குளியலறையிலதான் இருக்கு. அதையும் கழுவுறது நான்தான்."

சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"நான் அடுப்படிப் பக்கமே வந்ததில்ல!"

"அதான் தெரியுதே. பொறந்ததுலேருந்து இந்த வீட்டுல சாப்பிடுறீங்க, பாத்திர சோப்பு எங்க இருக்குன்னு தெரியல பாருங்க."

அவருடைய குளியலறையில், ரோஜா சோப்புப் பெட்டிக்குப் பின்னாலேயே விஷ பாட்டில் கிடைத்தது. கடைப் பக்கம் இனி வராதே என்று அண்ணன் முந்தின நாள் காலையில்தான் சொன்னாராம். தம்பி ஜீப்பில் ஏறியபோது நான் அக்காவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். சந்தோஷம்தான், வேறென்ன.

இன்ஸ்பெக்டருக்கு டீ போட்டேன். காலையில் என்னை விஷக்காரி என்று பிடித்தவர், ஒரு சொட்டு விடாமல் குடித்தார். குடித்துவிட்டு டம்ளரோடு கழுவுகிற தொட்டிப் பக்கம் போய்த் தயங்கி நின்றார்.

"ஏம்மா, சோப்பு எங்க இருக்கு?"

"கீழ, நீல டப்பாவுல" என்றாள் அக்கா. "கழுவிட்டுக் கவுத்து வைங்க சார்!"